மாமா பாதியில் எழும்பிப் போன படம்

என் முகம் ரொறன்ரோவில், ஸ்காபரோவின் பஸ் தரிப்பிடப் பெஞ்சுகளில் இருக்கிறது. கோட்டும் ரையும் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, வீடு வாங்கவும் விற்கவும் என்னைக் கூப்பிடும்படி சிரித்துக்கொண்டிருப்பேன். சனங்கள் அந்தச் சிரிப்பின் மேல் குந்தியிருந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் என் மனைவி கௌசி ஒருகாலத்தில் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையின் முகம் இந்த வருடம் டவுன்ரவுனில் ஒரு தியேட்டரின் சுவர் உயரத்துக்குத் தொங்கியது. அதன் மேல் எவரும் குந்த முடியாது.

அவர் பெயர் குகநேசன். நோர்வேயின் பெயர்பெற்ற திரைப்பட இயக்குநர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அகதியாகப் போய், வடக்குக் கரையில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டி, பிறகு கமெராவைத் தூக்கியவர். நோர்வேக்காரர்கள் அவரை 'எங்கள் குகா' என்று சொல்லுகிறார்கள். கௌசியும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லுவாள். எங்கள் கலியாணத்துக்குத் தாலி, கூறை, குகநேசன் மூன்றும் சேர்ந்தே வந்தன.

கதை தொண்ணூற்றாறில் தொடங்குகிறது. கௌசியின் குடும்பம் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. நோர்வேயிலிருந்து குகநேசனின் கலியாணப் பேச்சுக்கால் வந்தது, சாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் என் மாமனார் இராசரத்தினம் லேசுப்பட்டவர் அல்ல. ஃபோட்டோவில் எல்லா மாப்பிள்ளையும் நேராகத்தான் நிற்பான், நடக்கவிட்டால்தான் கால் தெரியும், கதைக்கவிட்டால்தான் வாய் தெரியும் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைமார் வீடியோக் கசற் அனுப்புவது வழக்கம். சோபா, கார், பிரிஜ் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிவிட்டு, தாங்களும் நாலு அடி நடந்து, 'வணக்கம், எல்லாரும் சுகமோ' என்று கேட்பார்கள். மாமா அப்படி ஒரு கசற் அனுப்பச் சொன்னார்.

கசற் வந்தது. ஐரோப்பாக் கசற் கனடா வீடியோ டெக்கில் ஓடாது. இப்படியான அலுவல்களுக்கென்றே, எந்த நாட்டுக் கசற்றும் ஓடுகிற டெக் ஒன்றை மாமா வாங்கி வைத்திருந்தார். குடும்பம் முழுவதும் ரீவிக்கு முன்னால் இருந்தது. படம் தொடங்கியது. பனி. ஒரு தெரு, ஒரு லைற் கம்பம், அதன் மேல் விழுகிற பனி. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பனி. மாமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. பனி. ஒரு பாட்டம் முடிந்த பிறகு ஒரு நாய் வந்தது, கம்பத்தை முகர்ந்து பார்த்தது, காலைத் தூக்கித் தன் அலுவலை முடித்துக்கொண்டு போனது. மாமா எழும்பிவிட்டார்.

"நாயை வடிவா எடுத்திருக்கிறான். நாய் நடக்குது. உவன் ஏன் நடக்கேல்லை? காலில ஏதோ பிழை இருக்கு."

டெக்கை நிறுத்திவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். அடுத்த நாள் பின்னேரம் கௌசியும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னாள். நோர்வேக்கு ரெலிபோன் எடுத்து, பிள்ளை மாட்டன் என்கிறாள் என்று சொல்லிப் பேச்சுக்காலை முடித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காலில் குறை என்ற செய்தி மட்டும் முடியாமல், நல்ல இரண்டு கால்களோடு ஸ்காபரோ முழுவதும் நடந்து திரிந்தது.

அடுத்த வருடம் நான் வந்தேன். அப்போது மோர்னிங்சைட்டில் றோய் என்கிறவனோடு ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். தரகர் கௌசியின் ஃபோட்டோவைக் கொண்டுவந்து தந்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மச்சான், அது ஃபோட்டோ. எவ்வளவு நேரம் பாத்தாலும் அடுத்த சீன் வராது" என்று றோய் சொன்னான். உள்ளூர்க்காரன் என்பதால் என்னிடம் கசற் கேட்கவில்லை, நேரிலேயே வரச் சொன்னார்கள். போன அன்று லிஃப்ற் பழுது. பதினாறாம் மாடிக்குப் படியால் ஏறி, வேர்த்து வழிந்துகொண்டு கதவைத் தட்டினேன். என் கால்களில் மாமாவுக்குப் பூரண திருப்தி.

எங்கள் மகள் நிரூபா பிறந்த காலத்தில் குகநேசனின் முதல் படம் வெளிவந்தது. ஒருவன் மீன் வெட்டுகிறான். வெட்டிக்கொண்டே இருக்கிறான். படம் முடியும்போது ஒரு மீன் மிச்சம். ஒஸ்லோவில் எழும்பி நின்று கை தட்டினார்களாம். இரண்டாவது படத்தில் ஒரு பெண் பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். கடைசியில் பஸ் வருகிறது, அவள் ஏறவில்லை. அதற்கு ஜேர்மனியில் பரிசு. என் பெஞ்சுகளில் ஒவ்வொரு பனிமாரியும் இதுதான் நடக்கிறது, எனக்கு ஒருவரும் ஒரு பித்தளைக் கிண்ணம்கூடத் தந்ததில்லை. மூன்றாவது படம் 'பனிக்குள் ஒரு கதிரை'. பனி, ஒரு வெறும் நாற்காலி, முழுக் கதையும் பெயரிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிரான்சில் பெரிய பரிசு. அந்த மௌனத்துக்குள் அகதியின் தனிமை கேட்கிறது, பூமியின் மூச்சுக் கேட்கிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பக்கத்தில் இருந்த கௌசிக்குக் கேட்டது என் குறட்டை.

ஒவ்வொரு பரிசும் எங்கள் வீட்டில் வந்துதான் இறங்கும். பேப்பரைப் பார்த்துவிட்டு, தான் வேலைசெய்கிற பல் வைத்தியரின் வரவேற்பு மேசையிலும், கோயிலிலும், பிறந்தநாள் வீடுகளிலும் கௌசி ஒரே வசனத்தைச் சொல்லுவாள்.

"நான் வேண்டாமெண்டு விட்ட பெடியன்."

நான் முதல்முதல் பெஞ்சில் ஏறிய நாள் அவளைக் காரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். நல்லாயிருக்கு என்றாள். பிறகு, "குகநேசனுக்கு நோர்வே ராசா கையால பதக்கமாம்" என்றாள். குசினிக் குழாய் ஒழுகினால் பெருமூச்சு ஒன்று வரும். அந்தப் பெருமூச்சில் நோர்வேயில் குழாய்கள் ஒழுகுவதில்லை என்ற கருத்து இருக்கும். சிரித்துக்கொண்டுதான் கேட்பேன். ஆனால் ஒளிப்பானேன், சுட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒருத்தன் உன் வீட்டில் வாடகை கொடுக்காமல் இருந்தால் யாருக்குத்தான் சுடாது.

இந்த வருடம் கோடை தொடங்கியபோது நிரூபா ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தாள். இங்குள்ள திரைப்பட விழாவில் அவள் தொண்டராக வேலைசெய்கிறாள். இருண்ட அறைக்குள் பனி பார்க்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

"அம்மா, சீரியஸ்லி, இது நீங்களா? குகநேசன் இன்ரவியூல சொல்றார். ஹிஸ் ஃபேர்ஸ்ற் ஃபில்ம் ரொறன்ரோவில இருந்த ஒரு கேர்ள்ளுக்காக எடுத்ததாம்."

பேட்டியை வாங்கிப் படித்தேன். கலியாணத்துக்காக அனுப்பிய ஒரு கசற்தான் தன் முதல் படம் என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண் தன்னை மறுத்துவிட்டாள், அந்த மறுப்பின் குளிருக்குள் நின்றுதான் இன்றுவரைக்கும் படம் எடுக்கிறேன், அந்தக் கசற் இந்த உலகத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தார். கேள்வி கேட்டவருக்குக் கண் கலங்கியதாம். அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.

செப்டெம்பரில் அவருடைய எல்லாப் படங்களையும் இங்கே வரிசையாகக் காட்டுவதாக இருந்தது. நிரூபா போய் விசயத்தைச் சொன்னதும் விழாக்காரர் துள்ளிக் குதித்தார்கள். தொடக்க நாளுக்குக் கௌசி விசேட விருந்தினராக வரவேண்டும். கசற் கிடைத்தால் பெரிய திரையில் போடுவார்கள்.

"வாறன்" என்றாள் கௌசி. உடனேயே, "கசற் இல்லை. அது எப்பவோ எறிஞ்சாச்சு. ஒருத்தரும் தேடவேண்டாம்" என்றாள்.

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. எறிந்த சாமானை எதற்குத் தேடவேண்டாம் என்று சொல்லவேண்டும்? மனதுக்குள் பொத்திவைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பொறாமைதான். அதற்கு வேறு மரியாதையான சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளுகிறேன்.

கௌசி வேலைக்குப் போன ஒரு காலையில் பேஸ்மென்றுக்கு இறங்கினேன். மாமா செத்த பிறகு அவருடைய டெக்கும் கசற் பெட்டிகளும் எங்களிடம்தான் வந்திருந்தன. மூன்றாவது பெட்டியில் அது கிடந்தது. 'நோர்வே மாப்பிள்ளை' என்று மாமாவின் கையெழுத்து. அதை வெட்டிவிட்டு, கீழே 'கௌசி கலியாணம், ரிசெப்சன், கொப்பி' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா புதுக் கசற்றுக்குக் காசு செலவழிக்கிறவர் அல்ல. வீடியோக்காரனுக்குப் பழையதையே கொடுத்து, அதன் மேல் எங்கள் கலியாணத்தைப் பதியச் செய்திருக்கிறார். அழிபடாமல் இருக்கட்டும் என்று குகநேசன் கசற்றின் ஓரத்துப் பிளாஸ்ரிக்கை உடைத்துத்தான் அனுப்பியிருந்தார். அப்படி உடைத்தால் மேலே பதிய முடியாது. ஆனால் அந்த ஓட்டையை யாரோ மெரூன் நிறத்தில் ஒரு பெரிய ஒட்டுப்பொட்டால் மூடியிருந்தார்கள். மூடிவிட்டால் டெக் ஏமாந்துபோகும்.

கசற்றை டெக்கில் போட்டேன். உலகம் தேடுகிற முதல் படத்தின் மேல் நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். என் மீசை மூக்குக்குக் கீழே ஒரு கரப்பொத்தான் பூச்சி படுத்திருப்பது போல இருந்தது. மாமா பந்தியைப் பார்த்துக்கொண்டு திரிந்தார். கௌசி சிரிக்கவேண்டிய இடங்களில் சிரித்தாள். கடைசியில் இரண்டு அன்னங்கள் வந்து மூக்கோடு மூக்கு உரசி, 'நன்றி' என்று விழுந்தது. அன்னங்கள் போனதும் படம் ஒருமுறை குலுங்கியது. பிறகு பனி.

கை ரிமோட்டில், ஆனால் நான் அமத்தி நிறுத்தவில்லை. பனி கொஞ்ச நேரம் விழுந்தது. ஒரு பெடியன் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கம்பத்தடியில் வைத்து, அதில் இருந்தான். ஒல்லியாக, தொப்பியும் சால்வையுமாக, வாயிலிருந்து புகை வர, நேராக என்னைப் பார்த்துக் கதைத்தான்.

"வணக்கம். இவ்வளவு நேரமும் ஆரும் பாத்துக்கொண்டு இருக்கினமெண்டால், அது கௌசியாத்தான் இருக்கவேணும். உங்கட அப்பா இப்ப எழும்பிப் போயிருப்பார். அவர் போகவேணும் எண்டுதான் இவ்வளவு பனியும் எடுத்தனான். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். என்னால அதை அம்மாவுக்குச் சொல்லேலாது, அவ தாங்கமாட்டா. நீங்கள் உங்கட வீட்டில பிடிக்கேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. உங்களில ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால், உங்கட ஃபோட்டோவை நான் இன்னும் வடிவாப் பாக்கேல்லை."

எழும்பி வந்து கமெராவை நிறுத்தினான். கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

முதலில் எனக்கு வயிறு நோகச் சிரிப்பு வந்தது. உலகம் எழும்பி நின்று கை தட்டுகிற அந்த மௌனம், என் மாமனாரை எழுப்பிப் படுக்க அனுப்புவதற்காக எடுத்தது. கேட்டு வாங்கிய மறுப்பை வைத்துக்கொண்டு இந்த மனிதர் நாடு நாடாகப் போய் கிண்ணம் வாங்குகிறார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோட்டோவை வடிவாகப் பார்க்கவில்லையாம். என் கௌசியின் ஃபோட்டோவை. அன்றைக்கு அவன் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கதிரையாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

கொஞ்சம் ஆறியதும் இன்னொன்று விளங்கியது. என் கையில் இப்போது ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. அவள் வேண்டாமென்று விட்ட பெடியன் அல்ல, அவளை வேண்டாமென்று விட்ட பெடியன். சாப்பாட்டு மேசையில் இதை எப்படிச் சொல்லுவது என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லா விதமும் நன்றாகவே இருந்தது.

கௌசி வேலையால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே மேலே போய் இரண்டு சீலைகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அண்டைக்கு இந்தக் கத்தரிப்பூக் கலர் உடுக்கவோ, பச்சை உடுக்கவோ? மேடையில கூப்பிட்டாலும் கூப்பிடுவினமாம்."

இரண்டையும் மாறி மாறித் தோளில் போட்டுக் காட்டினாள். அப்படி ஒரு முகத்தை நான் கனகாலம் பார்த்ததில்லை. அந்த முகத்துக்கு முன்னால் துருப்பை இறக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெருமையைப் பறித்துவிட்டால் அவளிடம் மிஞ்சப்போவது நான் மட்டும்தான் என்பதும் கொஞ்சம் பயமாக இருந்தது. கத்தரிப்பூ என்றேன்.

நிரூபா சனிக்கிழமை பேஸ்மென்றைக் கிளறப்போவதாகச் சொன்னாள். அவள் கையில் கசற் கிடைத்தால் திரையில் ஏறிவிடும். சபை நிறைந்த சனத்துக்கு முன்னால் ஒரு பெடியன் கதிரையில் இருந்து என் மனைவியை வேண்டாம் என்று சொல்லுவான், அதற்கும் எழும்பி நின்று கை தட்டுவார்கள். நான் கசற்றைத் தோசைமா வாங்குகிற துணிப்பையில் போட்டுக் கார் டிக்கிக்குள் ஒளித்தேன். விழாவுக்குப் போனபோதும் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு உள்ளே போனேன். அந்த மனிதரைப் பார்க்கும்போது அது என் கையில் இருக்கவேண்டும் போலிருந்தது.

குகநேசன் மேடைக்கு வந்தார். நான் கால்களைத்தான் முதலில் பார்த்தேன், மாமாவுக்காக. நரைத்த தாடி, கறுப்பு உடுப்பு. கேள்வி கேட்ட பெண்மணிக்கு மறுப்பின் குளிரைப் பற்றிச் சொன்னார். ஒரே ஒரு சொல், வேண்டாம் என்ற சொல், கடலைத் தாண்டி வந்து தன் நெஞ்சில் விழுந்தது என்றார். சபை பெருமூச்சு விட்டது. பை என் மடியில் கனத்தது. அப்போது அந்தப் பெண்மணி, அந்தச் சொல்லைச் சொன்னவர் இங்கேயே இருக்கிறார் என்றார். கௌசி எழும்பினாள். விளக்கு அவள் மேல் விழுந்தது. சனம் கை தட்டோ தட்டென்று தட்டியது. குகநேசனுக்கு இது முன்னரே தெரியாது போலிருக்கிறது. மனிதர் வெளிறிவிட்டார்.

ஏன் மறுத்தீர்கள் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். கௌசி ஆங்கிலத்தில் ஒரே வசனம் சொன்னாள், படம் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது என்று. சபை விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வாசல் மண்டபத்தில் நின்றபோது அவரே சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அண்ணை என்று வணக்கம் சொன்னார். கௌசியிடம் திரும்பி, அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கசற்... இருக்கோ?"

"இல்லை. எறிஞ்சாச்சு" என்றாள் கௌசி.

அவர் கண் என் துணிப்பைக்குப் போனது. பை கசற்றின் வடிவத்தில் நாலு மூலையும் துருத்திக்கொண்டு இருந்தது. படம் எடுக்கிறவர் கண் அல்லவா.

"அதுக்குள்ள என்ன அண்ணை?"

"தோசைமா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்லவேண்டியது எல்லாம் அதிலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

"நீங்கள் அதைக் கடைசிவரைக்கும் பாத்தனீங்களோ?" என்று கௌசியிடம் கேட்டார்.

"எங்க. நாய் போனவுடனை அப்பா நிப்பாட்டிப்போட்டார். ஏன், பிறகு ஏதும் இருந்ததோ?"

"இல்லையில்லை. பனிதான்."

அவர் மூச்சு விட்டார். நானும் விட்டேன். நிரூபா வந்து எங்கள் மூன்றுபேரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தாள். மூன்றுபேரும் நன்றாகச் சிரித்திருக்கிறோம். நிரூபா விழாக்காரரோடு நின்றுவிட, நாங்கள் இருவரும் வீட்டுக்கு வெளிக்கிட்டோம்.

ஹைவேயில் ஏறினோம். கௌசி தோடுகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கார் ஓடினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, இனித் தெரியவும் வராது.

"அந்தப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கோ?" என்று கேட்டாள்.

ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தேன்.

"ஓம்."

"நல்ல பசை. இப்பத்தைப் பொட்டு ஒரு நாள் நிக்காது."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த நாள் எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகு தனிய இருந்து முழுக்கப் பாத்தனான். எனக்கு அந்தப் பனி பிடிச்சிருந்தது. அப்பா சொன்ன மாதிரி இல்லை, உண்மையாவே வடிவா இருந்தது. இப்பிடி ஒண்டை எடுக்கிற ஆள் எப்பிடி இருப்பார் எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். அதுக்குப் பிறகுதான் வந்து கதிரையைப் போட்டவர்."

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

"அவர் கேட்டபடியே பிடிக்கேல்லை எண்டு சொன்னன். அப்பா அதை ஊரெல்லாம் சொன்னார். எல்லாரும் வந்து கேட்கக் கேட்க நானும் சொல்லிச் சொல்லி, பிறகு அதுதான் நடந்தது மாதிரி வந்திட்டுது. கலியாணத்துக்குக் கொப்பி போடக் கசற் தேடேக்கை நான்தான் ஓட்டையில பொட்டை ஒட்டி அதை எடுத்துக் குடுத்தனான். எல்லாம் அழிஞ்சிருக்கும் எண்டுதான் நினைச்சன், எண்டாலும் ஆரும் தேடிப் போட்டுப் பாப்பினமோ எண்டு ஒரு பயம்." திரும்பி என்னைப் பார்த்தாள். "இண்டைக்கு அவர் என்ர முகத்தை வடிவாப் பாத்தவர். கவனிச்சனீங்களோ?"

"கவனிச்சனான்." சிக்னல் போட்டு அடுத்த லேனுக்கு மாறினேன். "உம்மட ஃபோட்டோ வந்த அண்டு நான் வேலைக்குப் போகேல்லை."

"தெரியும். கலியாணத்தண்டே றோய் சொன்னவன்."

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பையைக் கையில் எடுத்தேன். குப்பை வாளி கராஜுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

"எறிஞ்சுவிடட்டோ?" என்று கேட்டேன்.

கௌசி பையைப் பறித்துத் தன் தோளில் கொழுவிக்கொண்டாள்.

"உங்களுக்கென்ன விசரே? எங்கட கலியாணமெல்லே அதில கிடக்கு."